வலது கை

ரவிச்சந்திரன் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியின் முதுகால்தான் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

கருணாகரன் கத்தவில்லை. மகளின் சடையை விட்டுவிட்டு, தொங்கிய தன் வலது மணிக்கட்டைப் பார்த்தான். ஏழு வயது தர்ஷினி ஓடிப்போய்த் தாய் வாசுகியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

வாசுகி சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலில் இந்தியா வந்து குடியுரிமை பெற்றவள். முறைமாப்பிள்ளை என்று கருணாகரனைக் கட்டித் திரும்ப இலங்கைக்கே போனாள். எட்டு வருடம் அடி வாங்கினாள். போன வருடம் பிள்ளையோடு நீலகிரியில், தேவாலாவில் அண்ணன் ரவிச்சந்திரன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைக்கு இலங்கை பாஸ்போர்ட். விசா வெள்ளிக்கிழமை முடிகிறது.

ஊட்டி ஆபீசில் இரண்டு பாரம் கொடுத்திருந்தார்கள். ஒன்று விசாவை ஒரு வருடம் நீட்டிக்க. அதற்குத் தாய் போதும். ஆனால் பிள்ளை வெளிநாட்டுக்காரியாகவே இருப்பாள். மற்றது இந்தியக் குடியுரிமைக்கு. அதில் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும்.

தகப்பன் வந்தது பிள்ளையைக் கொழும்பில் ஒரு பங்களாவில் வேலைக்கு விட.

"இங்க என்னா இருக்கு? கொழுந்துக்கு வெலையில்ல, வாரத்துல மூணு நாள் வேலை. அங்க மூணு வேளை சோறு இருக்கு தானே," என்றான் தரையில் கிடந்தபடி.

"கையெழுத்தப் போடு மச்சான்," என்றான் ரவிச்சந்திரன்.

"எந்தக் கையால?"

ரவிச்சந்திரன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றினான். வாசுகி அவன் இடது கையை இழுத்து, கட்டைவிரலில் மை தேய்த்து, பாரத்தில் அழுத்தினாள். தோட்டத்தில் சம்பள நாளில் எழுதத் தெரிந்தவனும் ரேகைதான் வைப்பான். ரேகை செல்லாத இடம் உண்டென்று இருவருக்கும் தெரியாது.

மறுநாள் ஊட்டியில் குமாஸ்தா கருணாகரனின் பாஸ்போர்ட் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்து, பாரத்தை வாசுகியிடமே திருப்பித் தள்ளினார்.

"ஏனுங்க, பாஸ்போர்ட்டுல கையெழுத்துப் போட்டவரு இதுல எதுக்குங்க ரேகை வெச்சாரு?"

"கை ஒடிஞ்சிருச்சுங்க."

"எலும்பு கூடினதும் அவரக் கூட்டிட்டு வாங்க. அதே கையெழுத்த என் முன்னால போடட்டும்."

எப்படி ஒடிந்தது என்று அவர் கேட்கவில்லை. வாசுகி விசா பாரத்தை எடுத்துத் தனியாகக் கையெழுத்திட்டாள். ஒரு வருடம்.

கருணாகரனின் பாஸ்போர்ட் ரவிச்சந்திரனின் இடுப்பில் இருந்தது. அதனால் அவன் ஊருக்குப் போகவில்லை. கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி வாசலில் உட்கார்ந்திருந்தான். விசயத்தைக் கேட்டு வாசுகியைப் பார்த்துச் சிரித்தான்.

"அடுத்த வருசமும் வருவேன், புள்ள. இவ எப்படியும் எங்க நாட்டுக்காரி."

இடது கையால் தர்ஷினியின் பிடரியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். ரவிச்சந்திரன் கத்தியைத் திருப்பி, கட்டுப் போட்ட கைக்கு ஓங்கினான்.

"அது வேணாண்ணே. அந்தக் கை எனக்கு வேணும்."

வாசுகி அடுப்படியிலிருந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்துவந்தாள். பிள்ளையை உள்ளே போகச் சொன்னாள். அவன் இடது கையை வாசற்படியில் வைத்து மிதித்துக்கொண்டு மூன்று முறை அடித்தாள். இந்தத் தடவை அவன் கத்தினான்.

பொழுது சாய்ந்ததும் சோற்றைப் பிசைந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"வாயத் தொற. வலது கை கூடுற வரைக்கும் நாந்தான் ஊட்டணும்."