முதல் சம்பளத்து மெஷின்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய பங்களாவின் முற்றத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தை போடுவார்கள். நான் ஒன்றையும் தவறவிடுவதில்லை. பித்தளைப் படிக்கம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, பிரம்பு அறுந்த சாய்மனைக் கதிரை, நீலக்கரை போட்ட எனாமல் கோப்பை என்று எதையாவது வாங்கி வந்து தேய்த்துத் துடைத்து முன்னறையில் வைப்பேன். அப்படி ஒரு பைத்தியம். என் வீட்டுக்காரர் ஸ்ரீதரனுக்கு இது பிடிக்காது. "எங்கப்பா தூக்கிப் போட்டத நீ காசு குடுத்து வாங்கிட்டு வர்றே" என்பார். ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு கூடவே வருவார்.

அன்றைக்குப் போனது எனக்காக இல்லை. நகரசபையில் என் பக்கத்து மேசையில் வேலைபார்க்கும் தோழி றலியா புதுவீடு கட்டிக் குடிபோகிறாள். பழைய பித்தளைச் சாமான் என்றால் அவளுக்கு உயிர். நல்லதாக ஒரு தட்டு எடுத்துவிட்டு, அப்படியே வத்தேகமவுக்குப் போய் இவருடைய தங்கச்சி கமலத்தைப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. என் பையில் இரண்டு ரவிக்கைத் துணி இருந்தது. என் ரவிக்கைகளைக் கமலம்தான் தைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

மாமரத்தடியில் தாடிவைத்த ஒரு சிங்களக்காரர் கடை பரப்பியிருந்தார். இரும்பில் பூவேலை செய்த, காலால் மிதிக்கும் தையல் மெஷினின் அடிப்பாகம் மட்டும் நின்றது. மேலே பலகைக்கு நடுவில் வட்டமாக வெட்டிக் கண்ணாடி பேசின் ஒன்றைப் பொருத்தியிருந்தார். கை கழுவும் மேசையாம். ஹோட்டல்காரர்கள் தேடிவந்து வாங்குகிறார்களாம். பக்கத்தில் மெஷினின் தலைப்பாகம், முழுக்கத் தங்கப் பெயிண்ட் அடித்து, ஊசி இருந்த இடத்தில் பல்பு மாட்டி மேசை விளக்காக இருந்தது.

எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போனது. அதை மறைக்க மாட்டேன். முன்னறை மூலையில் வைத்தால் எப்படி இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"லாச்சியத் திறந்து பாருங்க மிஸ்" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். "உள்ளுக்குப் பழைய எழுத்து இருக்கு. அழிக்காம விட்டிருக்கேன். அதுதான் அழகு."

பக்கவாட்டில் இருந்த சின்ன இழுப்பறையைத் திறந்தேன். உட்பலகை முழுக்கப் பென்சில் எழுத்து. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியுமே. 'யசோதினி, யூனிபோம், இடுப்பு 24.' அதற்குக் கீழே, 'அண்ணி, கை பத்தரை, கழுத்து ஏழு.'

யசோதினி என் மகள். அண்ணி நான்.

"என்னாங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். குனிந்து மிதிபலகையைத் தடவினார். அதன் ஓரத்தில் ஒரு வெடிப்பு. ஒருமுறை அது உடைந்தபோது நாவலப்பிட்டியில் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய் இவரே ஒட்டவைத்தார். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

"இது எங்க கிடைச்சது?"

"வத்தேகம பக்கம் ஒரு த்ரீவீல்காரர் ஏத்திட்டு வந்து குடுத்தாரு. போன மாசம்."

கமலத்தின் புருஷன் ரவிகுமார் த்ரீவீல் ஓட்டுகிறவர். அதற்குமேல் இவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. விலைகூடப் பேசாமல் இரண்டையும் வாங்கினார். அடிப்பாகம் டிக்கிக்குள் முழுதாகப் போகவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கயிறு போட்டுக் கட்டினோம். றலியாவின் தட்டு அப்படியே நின்றுபோனது.

வத்தேகம போய்ச் சேரும்வரை இவர் கத்திக்கொண்டே வந்தார். "குடிக்கிறதுக்கு வித்திருப்பான். என் முதல் சம்பளத்துல வாங்கினது. அந்த மாசம் வீட்டுக்கு அரிசிகூட கடன்லதான் எடுத்தோம். அதைப் போய் கை கழுவுற சட்டியாக்க வித்திருக்கான் பாரு." ரவிகுமார் குடிப்பது உண்மைதான், எப்போதாவது ஒருநாள். "முதல்ல விசாரிங்க" என்றேன். "என்னத்த விசாரிக்கிறது?" என்று ஸ்டியரிங்கில் அடித்தார். எனக்கும் உள்ளே கொதித்தது. பொய் சொல்வானேன். கமலத்தின் கையில் இருந்த ஒரே பொருளையும் அந்த மனுசன் விற்றுவிட்டாரே என்றுதான் நானும் நினைத்தேன்.

ரவிகுமார் வாசலில் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு, "வாங்க மச்சான், வாங்கக்கா" என்று சிரித்தார். இவர் இறங்கின வேகத்தில் போய் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"என் தங்கச்சி சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா!"

எதிர்க்கடையில் நின்றவர்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ரவிகுமார் கையை ஓங்கவில்லை. உதறவும் இல்லை. காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்பைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"மச்சான், ஒங்க தங்கச்சிய கேளுங்க" என்றார் மெதுவாக.

"அவள என்னத்தடா கேக்கிறது?"

"விடுண்ணே அவர." கமலம் கேட்டடியில் நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "வித்தது நான். ஏத்திக் கொண்டுபோய்க் குடுத்ததுதான் அவர்."

இவருடைய கை தளர்ந்தது. "நீயா? என்னா கஷ்டம் ஒனக்கு? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"கஷ்டமில்ல. அது கண்ணுல படுறது எனக்குப் பிடிக்கல. வித்துட்டேன்."

"கமலம், அது நான் என் முதல் சம்பளத்துல..."

"நிறுத்து."

இருபத்து மூன்று வருசமாக எனக்குக் கமலத்தைத் தெரியும். அவள் அண்ணனிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அந்த முதல் சம்பளக் கதைய இன்னொருக்கா சொன்னீன்னா இந்தக் கேட்டைத் தாண்டாத. என் கல்யாணத்துல சொன்னே. யசோதினி சடங்குல சொன்னே. அம்மா கருமாதியில வந்து உக்காந்திருந்த சனத்துக்கும் சொன்னே. அதே மாசம் எனக்கு ஒரு கடிதம் வந்துச்சே, அத எப்பவாவது, யாருக்காவது சொன்னியா?"

எனக்கு அந்தக் கடிதம் பற்றித் தெரியும், அரைகுறையாக. அது நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்திய கதை. கமலத்துக்கு அப்போது இருபத்தொன்று. ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவாகி வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் கிணற்றடியில் விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்தார். யாராவது வீட்டில் இருக்க வேண்டும். கமலம் இருந்தாள். இவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

"ஒரு வருசம் பொறுன்னே" என்றாள் கமலம். "அம்மா ஒம்பது வருசம் கெடந்தாங்க."

"அப்ப அம்மாவ யாரு பார்க்கிறது? நான் வேலைய விடுறதா?"

"விடச் சொன்னேனா? என்னைய ஒருத்தராவது கேட்டீங்களா? போறியா, இருக்கியான்னு ஒரு வார்த்த? நான் கடிதத்த வச்சிக்கிட்டு அழுதேன். மறுவாரம் லொறியில மெஷின் வந்து இறங்குது. சந்தனம் வச்சு, பூப் போட்டு, என்னைய பக்கத்துல நிப்பாட்டிப் படம் புடிச்சே. என் வாயை மூட வாங்கின மெஷின்ண்ணே அது. இருபத்தஞ்சு வருசம் மிதிச்சேன். மிதிக்கிறப்பல்லாம் அந்தக் கடிதந்தான் ஞாபகம் வரும்."

"கமலம், ரோட்டுல வச்சு எதுக்கு இதெல்லாம்? உள்ள போய்ப் பேசுவோம்" என்று நான் குறுக்கே போனேன். போயிருக்கக் கூடாது.

அவள் என் பையைப் பார்த்தாள். "பையில என்னா அண்ணி, ரவிக்கைத் துணியா?"

நான் பையைப் பின்னால் கொண்டுபோனேன்.

"நீங்க எட்டு மணிக்குப் பவுடர் பூசிக்கிட்டு ஆபீஸ் போவீங்க. நான் அம்மாவுக்குப் பீத்துணி கசக்கிட்டு வந்து ஒங்க பிள்ளைக்கு யூனிபோம் தைப்பேன். சாயந்தரம் வந்து, கழுத்து கொஞ்சம் இறக்கமாப் போச்சு கமலம், பிரிச்சுத் தைச்சுத் தான்னு சொல்வீங்க. ஒங்க வேலையில ஒங்களுக்கு உயர்வு கிடைச்சப்ப கட்டிக்கிட்டுப் போன சேலைக்கும் ரவிக்கை நான் தைச்சதுதான்."

உண்மையைச் சொன்னால், அந்த நிமிசம் எனக்கு வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நானா உன்னைப் போகவேண்டாம் என்றேன், தீபாவளிக்குத் தீபாவளி உனக்குச் சேலை எடுத்துக் கொடுக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தச் சேலைகளுக்கும் ரவிக்கையை அவளேதான் தைத்துக்கொண்டாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இவர் குரலைத் தாழ்த்தி, "சரி, இனி என்னா செய்யப்போறே? மெஷின் இல்லாம?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யப்போறதில்ல. சும்மா இருக்கப்போறேன். சட்டை தைக்க வர்றவங்களுக்கும் சொல்லிட்டேன். அதையும் உன்கிட்ட கேக்கணுமா?"

"இப்ப நான் இத என்னா செய்யிறது?"

"கொண்டுபோ. உன் காசுலதானே வாங்கினே, அன்னைக்கும் இன்னைக்கும்."

கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் காரில் ஏறி எஞ்சினைப் போட்டார். கயிறு அவிழ்ந்து இரும்பு சரிந்தது. ரவிகுமார்தான் வந்து, பொத்தான் அறுந்த சட்டையோடு, அதை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டார். "பார்த்துப் போங்க மச்சான்" என்றார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வத்தேகம சந்தி வரைக்கும் நான் பொறுத்தேன். "திரும்பிப் போய் அந்த மனுசன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"அவ எனக்குச் செஞ்சது?"

"அவர் என்னா செஞ்சாரு? நாலுபேர் முன்னால சட்டையப் பிடிச்சீங்களே!"

"நீ சும்மா இரு சந்திரிகா. ஊர் முன்னாடி என்னைய நாறடிச்சிட்டா."

"காரை நிப்பாட்டுங்க."

நிற்பாட்டினார். நான் இறங்கினேன். அவர் ஒரு நிமிசம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நடந்தே திரும்பிப் போனேன். கேட்டைத் தட்டியபோது கமலம் வந்தாள். "எதுக்கு வந்தீங்க?"

நடந்து வரும்போது சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "அந்தக் கடிதத்தப் பத்தி நான் ஒருநாளும் ஒங்கிட்ட கேக்கல" என்றேன்.

"இல்ல. கேக்கல."

"எனக்கு அது வசதியா இருந்துச்சு, கமலம்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இருந்திருக்கும். ஒங்க மேல எனக்கு இருக்கிற கோபம் இன்னைக்குப் போகாது அண்ணி. போகவும் வேணாம். இத்தன வருசம் சிரிச்சுக்கிட்டே அடக்கி வச்சேன். இப்பத்தான் வெளிய எடுத்திருக்கேன்."

உள்ளே வரச்சொல்லவில்லை. ரவிகுமார்தான் பிளேன்டீ ஒன்றை வாசலுக்குக் கொண்டுவந்து தந்தார். நின்றபடியே குடித்துவிட்டு, பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன்.

வந்தபோது கார் போர்ட்டிகோவில் நின்றது, மெஷின் கட்டினபடியே. செவ்வாய்க்கிழமைதான் அதை இறக்கினோம். நானும் தொட்டுத் தூக்கினேன். தங்கப் பெயிண்டைச் சுரண்டப் பார்த்தேன், போகவில்லை. அதைக் காட்சிக்கு வைக்க மனசு வரவில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம்.

நாங்கள் இருவரும் நாலுநாள் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக எங்கேயோ போனார். பொழுது சாயும் நேரம் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"ரவிகிட்ட சொல்லிட்டேன்" என்றார். "த்ரீவீல் ஸ்டாண்டில வச்சு, எல்லார் முன்னாடியும்."

"கமலத்துக்கிட்ட?"

"கதவத் தட்டினேன்" என்றார். "தட்டிக்கிட்டே நின்னேன். அவ உள்ளதான் இருந்தா. ரேடியோ பாடிச்சு."