கழற்றாத பேட்டரி

உலையின் இரும்புக் கதவு அப்பாவின் சவப்பெட்டியை உள்ளே வாங்கி மூடிக்கொண்டபோது எல்லோரும் கைகூப்பித் தலைகுனிந்தார்கள். மினாகோவுக்கு மட்டும் கைகள் கூடவில்லை.

காலையில் பெட்டியை மூடும்முன் சடங்கு நடத்துபவர் கேட்டிருந்தார்.

"இரும்பு, பேட்டரி ஏதாவது உள்ள வச்சிருக்கீங்களா?"

"பூவும் அவர் தொப்பியும்தாங்க" என்றான் அண்ணன் தெத்சுயா. அவனுக்குத் தெரியாது. அப்பாவின் கைகளுக்கடியில் ஒரு கேம் எந்திரத்தின் சர்க்யூட் போர்டை அவள் செருகியிருந்தாள்.

அப்பாவின் வீடியோ கேம் கடையை மூடிப் பதினோரு வருஷமாகிறது. முப்பத்திரண்டு எந்திரங்களும் போயே போய்விட்டன. மிஞ்சியது இந்தப் போர்டு ஒன்றுதான். சுண்டுவிரல் நீளப் பேட்டரி ஒன்றின் தயவில் அது பிழைத்திருந்தது. பேட்டரி செத்தால் உள்ளே இருக்கும் விளையாட்டும் அழிந்துவிடும், திரும்ப வராது. அதனால் ஐந்து வருஷத்துக்கொருமுறை அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு புதியதை மாற்றுவார். போன மே மாதம் கை நடுங்கியதால் அவளை மாற்றச் சொன்னார். நெருப்புப் பட்டால் வெடிக்கும் என்று அவர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனாலும் நேற்று திருகுகளையெல்லாம் கழற்றியவளுக்கு பேட்டரியை மட்டும் பிடுங்க மனம் வரவில்லை. எரியப்போகிற விளையாட்டைத் தன் கையால் கொல்லப் பயந்தாள், பைத்தியக்காரி!

காத்திருக்கும் அறையில் அத்தை தேநீர் ஊற்றினாள்.

"உலைக்காரர் எங்கண்ணா?" என்றாள் மினாகோ.

"பின்பக்கம். ஒரு ஓட்டை வழியா அப்பப்ப பாத்துக்கணுமாம்."

மினாகோ செருப்புக்கூட மாட்டாமல் ஓடிப்போய்ப் பின்கதவைத் தட்டினாள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் திறந்தார்.

"ஐயா, உள்ள பாக்காதீங்க! பேட்டரி இருக்கு. நான்தான் வச்சேன்."

அவர் முகம் வெளுத்தது. "எவ்ளோ பெருசு?"

சுண்டுவிரலைக் காட்டினாள். காட்டிய கையை இறக்கவில்லை, உலைக்குள் டமாரென்று வெடித்தது. இருவரும் தரையோடு குந்திவிட்டார்கள்.

"இப்பத்தாம்மா குனியப் போனேன்" என்றார் அவர்.

பிறகு எலும்பு பொறுக்க அழைத்தார்கள். அண்ணனும் தங்கையும் குச்சிகளோடு எதிரெதிரே நின்றார்கள். ஒவ்வொரு எலும்பையும் இருவர் சேர்ந்து குச்சிகளால் எடுத்துக் கலசத்தில் போடுவது அவர்கள் வழக்கம். வெள்ளை எலும்புகளுக்கு நடுவே போர்டின் செம்பு பட்ட விரலெலும்புகள் மட்டும் பச்சையேறிக் கிடந்தன.

"இதென்ன இப்படி?" என்றாள் அத்தை.

மீசைக்காரர் மினாகோவின் பக்கம் திரும்பவில்லை. "சில சமயம் பூச்சாயம் ஒட்டிக்கும்மா."

தெத்சுயா ஒரு பச்சை எலும்பின் ஒரு முனையைக் குச்சிகளால் பிடித்தான். மறுமுனையை மினாகோ பிடித்தாள். அவள் குச்சிகளின் நடுக்கம் நிற்கும்வரை அவன் தூக்காமல் இருந்தான்.