துவர்த்துக்கு அடியில்

கோலப்பன் அண்ணாச்சி அன்றைக்கு விலையை வாயால் சொன்னார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு நாளாவது வந்து நின்றிருக்க மாட்டார்கள். எழுபத்தெட்டாம் வருஷத்தில்கூட எங்கள் தெருவில் வத்தல் மிளகாய்க்கும் மல்லிக்கும் புளிக்கும் விலை பேசியது கையால்தான். தரகன் தோளில் கிடக்கும் துண்டை, அதாவது துவர்த்தை, எடுத்துத் தன் கையின்மேல் விரித்துப் போடுவான். மொத்தக் கடைக்காரர் அதற்கு அடியில் கையை விடுவார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை ரூபாய். நடுக்கணுவில் அழுத்தினால் பாதி. சுற்றி ஊரே நின்றாலும் உள்ளே என்ன பேச்சு என்று அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். விலை படியும்வரை பிடித்த கையை விடக் கூடாது, அது மரியாதை. படிந்தபின் துவர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொள்வோம்.

அன்றைக்கும் நான் துவர்த்தை விரித்தேன். அண்ணாச்சி ஜிப்பாக் கையை உள்ளே விட்டார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். அடுத்த நொடி சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி கையை வெளியே இழுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்து உரக்க ஒரு விலை சொன்னார். "இந்த வெலைக்குன்னா எறக்கு தாணு. இல்லன்னா கொண்டு போ."

மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கடை நயினார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலம் நயினாரும் எனக்கு வாயால்தான் விலை சொன்னார். கையைப் பிடிக்க ஆள் இல்லாத தரகன் பிறகு என்ன தரகன்? தெருவுக்கு ஒரு வாரம் போதும், என்னை மறந்துவிடும்.

கோலப்பன் அண்ணாச்சி அந்நியர் இல்லை, என் பெரியப்பா மகன். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். இந்தத் தொழிலுக்கு என்னைக் கூட்டி வந்ததே அவர்தான். வேறு எவனாவது கையை இழுத்திருந்தால் சவம் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவர் இழுத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் பிடித்த விரல் நுனியிலிருந்து அடிவரை மட்டி வாழைப்பழம் மாதிரி வீங்கிக் கிடந்தது. அதுவரை அதை ஒதுக்கி மற்ற விரல்களையே நீட்டிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அது அவர் பிடியில் அகப்பட்டுவிட்டது. ஒரு கணு வீங்கினால் அடிபட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம். இது முழு விரலும். காலையில் அதை மடக்க முடியாது. குதிகாலைத் தரையில் வைத்தால் உயிர் போகும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைப்பக்கம் போவேன். வெயில் ஏற ஏற, நடக்க நடக்க எல்லாம் கொஞ்சம் இளகும். அதனால் கடை திறந்தபின் என்னைப் பார்க்கிறவனுக்கு நான் நல்ல திடமான ஆள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் சட்டைக்குள் இருந்தது. இரண்டு முழங்கையிலும் பல வருஷமாகச் சிவந்த தடிப்பு, அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதிள். தலையிலும் உண்டு. நகங்களில் ஊசியால் குத்தினதுபோல் குட்டிக் குட்டிக் குழி. எங்கள் சந்தையான சாலைக் கம்போளத்தில் பாதிப் பேர் வெற்றுடம்போடு வேலை பார்க்கிறபோது நான் மட்டும் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையில் வெந்துகொண்டிருந்தேன்.

விரலை வைத்தியரிடம் காட்டினேன். வாதம் என்று எண்ணெய் கொடுத்தார். ஒரு டாக்டரிடமும் காட்டினேன். வலி மாத்திரை கொடுத்தார். முழங்கையை மட்டும் யாரிடமும் காட்டவில்லை. மருந்துக்கடையில் படை மருந்து என்று கேட்டு வாங்கி நானே தடவிக்கொண்டேன். குஷ்டம் என்று எவனாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நூறநாட்டுக் குஷ்டரோக ஆஸ்பத்திரிதான், அப்புறம் என் கையை யார் தொடுவார்கள்? அந்தப் பயத்தில் விரல் வேறு, தோல் வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் சட்டையைப் போட்டு மறைத்திருந்தேன்.

இரண்டையும் அறிந்த ஒரே ஆள் என் மனைவி உலகம்மாள். தினமும் பாயைச் சுருட்டி, உதிர்ந்து கிடக்கும் செதிளைக் கூட்டித் தள்ளுகிறவள் அவள்தான். அண்ணாச்சி செய்ததைச் சொல்லிக் குதித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரும் பயப்படுதாரு, நீங்களும் பயப்படுதீங்க. என்னன்னு தெரியாமப் பயப்படுறதுக்குத் தெரிஞ்சுக்கிட்டுப் பயப்படலாம்லா?"

"தெரிஞ்சு என்னத்தக் கிழிக்க?"

"ஒண்ணும் கிழிக்காண்டாம். ஒரு டாக்டர் முன்னால சட்டையக் கழட்டுனா போதும்."

மறுநாள் அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றபோது கூடவே போனேன். நயினாரும் வாயால் விலை சொன்னபின் எனக்குப் போக வேறு இடமும் இல்லை.

மெடிக்கல் காலேஜில் ஓ.பி. சீட்டு வாங்கி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் சாவித்ரி என்று ஒரு அம்மாள், கரமனை அக்ரஹாரத்துக்காரர். முதலில் மலையாளத்தில் கேட்டார். என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார். விரலை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். அப்புறம் நகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்தியரும் அந்த டாக்டரும் நகத்தைப் பார்க்கவே இல்லை.

"காலம்பர எழுந்தா ரொம்ப நேரம் விறைப்பா இருக்குமோ?"

"இருக்கும்."

"தோல்ல ஏதாவது உண்டா? முழங்கையில, தலையில?"

"ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லுதாரு டாக்டரம்மா," என்றாள் உலகம்மாள். "தெனமும் பாயத் தூக்கறவ நான்." சொன்னதோடு நிற்காமல் என் சட்டைக்கைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த இடத்தில் கத்த முடியாது, கையை உதறவும் முடியாது. சட்டை முழங்கைக்கு மேல் ஏறியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மாள் முகம் சுளிக்கவில்லை. வெறுங்கையால் என் முழங்கையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். வீட்டுக்கு வெளியே ஒரு ஆள் அந்த இடத்தைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பிறகு கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து எடுத்துத் திரித்தார், கூடவே ஒரு ஊசியும் எடுத்துக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கோங்கோ. தொட்டா சொல்லுங்கோ."

கண்ணை மூடினேன். தண்டனை சொல்லப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். "தொட்டாச்சு," என்றேன். "இப்பவும் தொட்டாச்சு. இது ஊசி. இது பஞ்சு." தடிப்பின் நடுவில் தொட்டதும் தெரிந்தது, ஓரத்தில் தொட்டதும் தெரிந்தது. வீங்கின விரல் நுனியிலும் தெரிந்தது.

"குஷ்டம்னு நெனச்சுண்டுதானே மறைச்சேள்?" என்றார். "அதுவா இருந்தா அந்த எடம் அனேகமா மரத்துப்போயிருக்கும். உங்களுக்குப் பஞ்சு பட்டாக்கூடத் தெரியறது. செதிளும் நகமும்கூட வேற மாதிரி இருக்கு. இது சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. சில பேருக்கு அதே வியாதி மூட்டையும் பிடிக்கும். விரல் முழுசா வீங்கறது, குதிகால் வலிக்கறது எல்லாம் அதுதான். தோலுக்கு ஒண்ணு, விரலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வியாதி இல்லை. ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்துட்டு உறுதியாச் சொல்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே என்மேல் அப்படி ஒரு ஆத்திரம். காலமெல்லாம் விரலால் தொட்டே பிழைத்தவன் நான். விரலுக்கு உணர்வு இருக்கிறதே என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

அடுத்த வாரம் போனபோது டாக்டரம்மாள் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வியாதி அவர் சொன்னதேதான். சந்தேகம் இல்லை. "முழுசா மாறிடும்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரையும் களிம்பும் தரேன், அடங்கும், திரும்பவும் வரும். இந்த விரல்ல கணு அரிச்சுப்போச்சு, இனிமே நேரா நிமிராது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். மத்த விரலைக் காப்பாத்தப் பார்ப்போம்." சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"யாருக்கும் இல்ல," என்றேன்.

"பெரிய மாமாவுக்கு?" என்றாள் உலகம்மாள்.

ஆறுமுகசாமிப் பெரியப்பா, கோலப்பன் அண்ணாச்சியின் அப்பா. கடைசிக் காலத்தில் விரலெல்லாம் கோணிப்போய் உள்ளறையில் கிடந்தார். வாதம் என்றார்கள், நாங்களும் வாதம் என்றோம். புழுக்கத்திலும் மணிக்கட்டுவரை சட்டை போட்டிருப்பார். பெரியம்மா அவருடைய விரிப்பைக் கொல்லையில் கொண்டுபோய் உதறுவாள். அந்தச் சட்டைக்குள் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"குடும்பத்துல வர்றது உண்டு," என்றார் டாக்டரம்மாள். "எல்லாருக்கும் வரணும்னு இல்லை."

மறுநாள் சட்டை போடாமல் ஆரியசாலைக்குப் போனேன். தோளில் துவர்த்து மட்டும். டாக்டரம்மாள் தந்த தார் கலந்த களிம்பின் நாற்றம் எனக்கு முன்னால் போயிற்று. அண்ணாச்சியை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்காமல் விடுவதில்லை என்று வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக்கொண்டே போனேன்.

அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் துவர்த்தை விரித்தேன்.

"கையக் குடுங்க அண்ணாச்சி."

"வெலையச் சொல்லு தாணு."

"வாயால சொல்ல மாட்டேன். எனக்கு என்ன வியாதின்னு மெடிக்கல் காலேஜ்ல சொல்லியாச்சு. யாருக்கும் ஒட்டாது. ஏ நயினாரே, நீரும் கேட்டுக்கிடும். இப்பக் கையக் குடுங்க."

"வேண்டாம்ல," என்றார் மெதுவாக.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் துவர்த்துக்கு அடியில் இழுத்தேன். அவர் ஒரு தடவை திமிறினார். அதற்குள் என் பெருவிரல் அவருடைய பெருவிரல் நகத்தின்மேல் விழுந்துவிட்டது.

நகம் முழுக்கக் குழி. குட்டிக் குட்டிக் குழி. என் நகத்தில் இருப்பது போலவே. நடு விரலைத் தொட்டேன். அடியிலிருந்து நுனிவரை தடித்து, மடங்காமல், சூடாக இருந்தது. ஜிப்பாக் கை சற்று மேலேறியிருந்தது. அதற்குள் விரலை விட்டதும் செதிள் உதிர்ந்தது. முதலாளி ஆனதிலிருந்து இந்த ஜிப்பாதான். அந்தஸ்துக்காகப் போடுகிறார் என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

கூட்டி வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. அண்ணாச்சியின் கண் நிறைந்துவிட்டது. மேசைமேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அன்னைக்கு ஒன் வெரலப் பிடிச்சதுமே தெரிஞ்சுதுல. எங்க அப்பா வெரல் அது. அந்த வாரந்தான் என் வெரலும் வீங்க ஆரம்பிச்சிருந்துது, இன்னும் ஒரு நிமிஷம் பிடிச்சிருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் இழுத்தேன். கட்டில்ல கெடந்து சாகணும்னு எழுதியிருக்கு, அதை ஊர் பாக்காண்டாம்னு நெனச்சேன்."

"அப்படி ஒண்ணும் எழுதல," என்றேன். "திங்கக்கிழமை என்கூட வாரீங்க. டாக்டரம்மா சட்டையக் கழட்டச் சொல்லுவாங்க, கழட்டணும். அவ்வளவுதான்."

"எனக்குப் பயமா இருக்குல தாணு."

"எனக்கும் இருந்துது அண்ணாச்சி."

நிமிராத என் விரலால் அவருடைய விரல்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வெளியே லாரி நின்றது, சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்கக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இது வெறும் விலைப் பேச்சு. எதிர்க்கடையிலிருந்து நயினார் குரல் கொடுத்தார்.

"என்ன தாணு, படிஞ்சுதா?"

"இன்னும் படியல," என்றேன். "கொஞ்சம் நேரம் ஆகும்."