மேலே மட்டும் கிளிப்பச்சை

தலைப்பக்கம் பெயிண்டர், கால்பக்கம் அவள். கட்டிலை, அதில் படுத்திருந்த அவள் கணவரோடு சேர்த்தே தூக்கி, ஹாலிலிருந்து அறைக்குள் கொண்டுவந்தார்கள். பெரிய பஸ்ஸைச் சந்துபொந்தெல்லாம் வளைத்து ஓட்டிய மனிதர். இப்போது தலையணையோடு சேர்த்தும் கனமே இல்லை.

“பாத்து மேடம், கதவுல இடிக்கும்,” என்றான் பெயிண்டர்.

ஊரிலுள்ள பெயிண்டர்களுக்கெல்லாம் அவள் ‘கலர் மேடம்’. யார் வீடு கட்டினாலும் சுவருக்கு என்ன பூசலாம் என்று அவளைத்தான் கேட்பார்கள். சின்ன அறைக்கு வெளிர் நிறம். அடர்த்தியான நிறம் வேண்டுமென்றால் ஒரே ஒரு சுவரில். முதலில் ஒரு திட்டு அடித்து, காலை வெளிச்சத்திலும் சாயங்கால வெளிச்சத்திலும் பாருங்கள். சீலிங் எப்போதும் வெள்ளைதான், அதில் பேச்சே கிடையாது.

சொந்த வீட்டில் எந்தச் சுவரைப் பற்றியும் கணவர் வாயைத் திறந்ததில்லை. படுக்கையில் விழுந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

“கலர் மேடம், நம்ம ஆர்டரையும் எடுப்பீங்களா?” என்று கிண்டலாகக் கேட்டார். “சுவரெல்லாம் நீயே வெச்சுக்கோ. சீலிங் மட்டும் எனக்கு. கிளிப்பச்சை அடிச்சுக் குடு.”

“கிளிப்பச்சையா! கர்மம். வர்றவங்க என்ன நெனைப்பாங்க?”

“வர்றவங்க சுவரைத்தான்டி பாப்பாங்க. மல்லாந்து கெடக்குறவன் நான்தானே.”

அவள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தாள். “கேட்டதைக் குடுங்கம்மா” என்று டாக்டர் கையை விரித்த பிறகுதான், வாடை அடிக்காத பெயிண்டாகப் பார்த்து வாங்கினாள். அப்போதும் பழக்கம் விடவில்லை. பச்சை டப்பாவைத் திறந்ததுமே கண் கூசியது. கொஞ்சம் வெள்ளை ஊற்றச் சொன்னாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றவைத்து, கடைசியில் பச்சை பட்டும் படாமலும் ஆகிப்போனது. நாகரிகமாக இருந்தது. வேறு யார் வீடாக இருந்தாலும் அசந்துபோயிருப்பார்கள்.

கட்டிலை இறக்கி வைத்ததும் அவர் மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அடிச்சாச்சா?”

“அடிச்சாச்சுங்க.”

“வெள்ளையாவே இருக்கே?”

பெயிண்டர் சட்டென்று குனிந்து, தரையில் விரித்திருந்த பழைய துணியைச் சுருட்டத் தொடங்கினான்.

“ஈரத்துல அப்படித்தாங்க தெரியும்,” என்றாள் அவள். “காஞ்சா கலர் நல்லா கெட்டியாகும். பாருங்களேன்.”

“அப்பச் சரி.” நிறத்தைப் பற்றி அவள் சொன்னால் அவருக்கு மறுபேச்சு ஏது? “காயட்டும்.”

மத்தியானம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். காஞ்சுதா? இன்னும் இல்லீங்க. இப்ப? கொஞ்சம் பொறுங்க. சாயங்காலம் பாலைச் சூடாக்கிக்கொண்டு வந்தபோது கண் திறந்தே இருந்தது, மேலே பார்த்தபடி. கூப்பிட்டாள். உலுக்கினாள். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். சீலிங் எப்போதோ காய்ந்திருந்தது.

எல்லாம் முடிந்த மறுநாள், துக்கம் கேட்க ஆட்கள் அவர் அறைவரைக்கும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “தப்பா நெனைக்காதீங்க. இந்தச் சுவருக்கு என்ன கலர் அடிச்சிருக்கீங்க? அவ்ளோ அழகா இருக்கு.”

“சாம்பல்ல லேசா நீலம்,” என்றது அவள் வாய், தன்பாட்டுக்கு. அந்த வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல வந்தது அவளுக்கு. பாவி, சாகப்போகிற மனுஷனிடம்கூட ஒரு டப்பா பச்சைக்குக் கணக்குப் பார்த்தேனே என்று உள்ளே அடித்துக்கொண்டது. அவர் சொன்னதுதான் சரி. வந்தவர்களில் ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பெயிண்டருக்குப் போன் போட்டாள்.

“இப்பவா மேடம்?” என்றான்.

“இப்பவே வா. மிச்சப் பச்சை இருக்குல்ல?”

வந்தான். ஏணியைப் போட்டான். கையில் வெள்ளை டப்பாவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். “எவ்ளோ கலக்கட்டும்?”

“ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.”

துணைக்கு வந்து தங்கியிருந்த தங்கச்சி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். “ஐயோ அக்கா, உனக்கென்ன பைத்தியமா? இது என்ன கண்றாவி கலர்?” ஒரு தரம் அடித்துப் போதாமல், அது காய்ந்ததும் மேலே இன்னொரு தரம் அடித்துவிட்டுப் பெயிண்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். கூலி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

“வெளிய வந்து படு அக்கா. பெயிண்ட் இன்னும் ஈரமா இருக்கு.”

“நீ போ. நான் வர்றேன்.”

கதவைச் சாத்திவிட்டு, அவர் கட்டிலில், அவர் தலையணையில் தலை வைத்து, மல்லாந்து படுத்தாள். ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெளிச்சத்தில் மேலே பச்சை பளபளத்தது. ஓரங்களில் மட்டும் வெளுப்பாக இருந்தது.

“காஞ்சா கெட்டியாகுங்க,” என்றாள்.