தவளைக் கதைக்கு ஒரு வரி

"நீங்க இருங்க அத்தான், நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அத்தான் பையை எடுத்துவிட்டார்.

"அந்த வலி மருந்த என் கையெழுத்து இல்லாம தரமாட்டாங்க. அரை மணி நேரம்தான். பக்கத்துல உக்காந்திரு, போதும்."

பக்கத்தில் உட்காருவதுதான் அவனால் முடியாத காரியம். அவன் லிப்ட் மெக்கானிக். பதினாலு மாடிக் குழிக்குள் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுகிறவன். ஆனால் காலையில் நர்ஸ் அக்காவைப் பார்த்துவிட்டு வாசல்வரை வந்து, "இன்னிக்குத் தாண்டாது" என்று சொன்னதிலிருந்து அவன் வெளியே போக ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தான். அது நடக்கும்போது அறையில் தான் மட்டும் இருந்துவிடக் கூடாது. அவன் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான். அக்கா பிழைக்க வேண்டும் என்றுகூட வேண்டவில்லை. அது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

கதவு சாத்திய சத்தம் அடங்கியதும் அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஓடிடலாம்னு பாத்தியா?"

"இல்லக்கா."

"சரி, படி."

அவள் படிக்கச் சொன்னது கதையை அல்ல. அக்கா முப்பது வருடம் நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொண்டவள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள், பின்னட்டையில் ஒட்டிய தாளில் ஒரு வரி எழுதாமல் அவளைத் தாண்டிப் போக முடியாது. மற்றப் புத்தகங்களுக்கு அரைத் தாள் நிரம்பினால் பெரிது. மழையை முழம் போட்டு விற்கக் கிளம்பும் தவளையின் கதைக்கு மட்டும் தாளின்மேல் தாளாக ஒட்டி, புத்தகம் சினைப் பூனை மாதிரி ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற அன்று அதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

அதை எடுத்து அந்த வரிகளை அவன் படித்தான்.

"'தவளை புளுகுகிறது. ஆனாலும் பிடிக்கிறது. வயது ஒன்பது.' 'எழுபதாம் பக்கத்தில் பாலைக் கொட்டிவிட்டேன், மன்னிக்கவும்.' 'மகனுக்காக எடுத்தேன். அவன் பாதியில் தூங்கிவிட்டான். நான் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.' 'மழையை எப்படி முழம் போட முடியும்? சுத்த அபத்தம். இப்படிக்கு, ஒரு பொறியாளர்.'"

"அதுக்குக் கீழ ஒண்ணு இருக்குமே" என்றாள் அக்கா.

"'கையை வெளியே நீட்டிப் பாருங்க மாமா.'"

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிப்புதான். சிரித்து முடித்தபின் அடுத்த மூச்சு வர நேரமாயிற்று. அவன் மனதுக்குள் எண்ணினான். எட்டு, ஒன்பது, பத்து. வந்தது.

நிறுத்தினால் அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மடமடவென்று படித்தான். கடைசித் தாளும் வந்துவிட்டது, அதிலும் பாதி வெறுமையாகக் கிடந்தது. அத்தானைக் காணோம். அவன் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டான்.

"'தவளை எல்லா மழையையும் விற்றுப் பெரிய பணக்காரன் ஆகிவிட்டான். மிக்க மகிழ்ச்சி.'"

அக்கா கண்ணைத் திறந்தாள். "இத யாரு எழுதினது?"

"பேர் போடல."

"அது பொம்பளத் தவளைடா. ஒரு முழம்கூட விக்காது. கேட்டவங்களுக்கெல்லாம் சும்மா குடுத்துட்டு உக்காந்திருக்கும். நீ படிக்கவே இல்ல."

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான். "பயமா இருக்குக்கா" என்றான். அவள் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"எனக்கும்தான்" என்றாள். பிறகு, "முப்பது வருஷமா உன்கிட்ட ஒரு வரி கேக்கறேன். இப்ப எழுது" என்றாள்.

"படிக்காமலேயா?"

"படிக்காதவன் கருத்தும் கருத்துதான். எழுது, நான் பாக்கறேன்."

பேனா தலைமாட்டில் இருந்தது. புத்தகத்தை முழங்காலில் வைத்துக் குனிந்தான். 'நான் இன்னும் படிக்கவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுதினான். எழுத எழுதக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. 'அதுவரை பொ' என்று தொடங்கியவன் நின்றான். வேலை அறிக்கையில் அவன் தினமும் எழுதுவது 'புதிய கதவு பொருத்தப்பட்டது', 'மணி பொருத்தப்பட்டது' என்றுதான். அந்தக் கைப்பழக்கத்தில் ஒரு தடவை அக்காவுக்கு, 'தாமதத்துக்குப் பொருத்துக்கொள்' என்று எழுதிவிட்டான். "என்னை எந்த மாடியில பொருத்தப் போற?" என்று அவள் ஒரு வருடம் கேலி செய்தாள்.

"அக்கா, பொறுத்திருன்னு எழுத சின்ன ருவா, பெரிய றுவா?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு, கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்கிறவள் அவள். அவன் காத்திருந்தான். பேனா முனை ஒரே இடத்தில் நின்று தாளில் மை பரவியது. அவன் எண்ணவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"தூங்கறாளா?" என்றார் அத்தான்.

"எழுதிக்கிட்டு இருக்கேன் அத்தான், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, ஓர் எழுத்துக்கு இடம் விட்டு, 'த்திரு' என்று எழுதினான்.