முதுகில் ஒட்டிய சொல்

ஒரேயொரு ஆங்கில வார்த்தையை ஒட்டி, ஒரு வங்கியையே அரைநாள் வேலை செய்யவிடாமல் நிறுத்தியவள் தான்தான் என்று அந்தப் பேக்கிங் சூப்பர்வைசர் சொல்வாள். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு நம்பிவிடுவார்கள். அவள் கணவன் மட்டும், "அண்டப் புளுகு" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவான்.

அப்போது அவள் சூப்பர்வைசர் இல்லை. அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். அவள் ஒட்டினால் பெட்டி கிழியும், லேபிள் கிழியாது. கப்பல் கவிழ்ந்தாலும் அவள் லேபிள் மட்டும் கரை சேரும். சூப்பர்வைசர் வேலைக்கு ஆங்கிலப் பரீட்சை வைத்தார்கள். நவுன், அதாவது பெயர்ச்சொல், எதுவென்று அடிக்கோடிட வேண்டும், மற்றச் சொற்களை நவுனாக மாற்ற வேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி ஒட்டுவதுதான். வீட்டையே ஒட்டினாள். கதவு, கட்டில், உப்பு ஜாடி, மின்விசிறி, எல்லாவற்றின் மேலும் அதனதன் ஆங்கிலப் பெயர். கண்ணுக்குத் தெரியாத நவுன்கள்தான் இம்சை. பொறுமையை எதன்மேல் ஒட்டுவது? திமிரை? அந்த லேபிள்கள் எழுதியபடியே கைப்பையில் கிடந்தன.

வங்கி வாசலில் காவல் நிற்கும் கணவனுக்கு இது பொறுக்கவில்லை. "வீடா இது, குடோனா? பெட்டி ஒட்டுறவளுக்கு எதுக்குடி இங்கிலீஷு?"

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு மொட்டையாக நின்றது. தன் தங்கை வருகிறாள் என்று அவன் ஒன்று விடாமல் கத்தியால் சுரண்டியிருந்தான். கதவில் பெயின்ட்டும் சேர்ந்து போயிருந்தது. அத்தனை நாள் படிப்பும் குப்பைக்கூடையில் ஓர் உருண்டையாகக் கிடந்தது.

"இப்பதாண்ணா வீடு மாதிரி இருக்கு" என்றாள் நாத்தனார்.

"எப்படியும் ஃபெயிலாகப் போறா. அதான் முன்னாடியே கிளீன் பண்ணிட்டேன்."

அவளுக்கு மூண்ட கோபத் தீயில் ஊருக்கே உலை வைத்திருக்கலாம். அன்று அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின.

காலையில் அவன் சீருடையை இஸ்திரி போட்டுவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். திமிருக்கு இடம் கிடைத்துவிட்டது. சட்டை முதுகின் நடுவில், பெரிய எழுத்தில், 'அராகன்ஸ்'. இஸ்திரிப் பெட்டியால் மேலே ஓர் அழுத்து. பெண்டாட்டி சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தால்தான் கை நுழைக்கிற ஆள் அவன். நுழைத்தான், போனான்.

மேனேஜர் மூன்று தடவை வெளியே வந்து, வாயைப் பொத்தியபடி உள்ளே ஓடினாராம். வரிசை வாசலைவிட்டு நகரவில்லையாம். ஒரு வாத்தியாரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, "ஸ்பெல்லிங் சரியா இருக்கு" என்றாளாம். இன்றைக்கு ஊரே தன்னை மதிக்கிறதென்று அவன் நெஞ்சை இன்னும் நிமிர்த்தினானாம். அதே நேரத்தில் பரீட்சை அறையில் அவள் பேனா தாளைத் துளைத்துக்கொண்டிருந்தது. பாஸானாள்.

போன வாரம் வந்திருந்த நாத்தனாரிடம் மறுபடி இந்தக் கதையை எடுத்தாள்.

"எங்கண்ணன் முதுகுல ஒட்ட எவளுக்கு அண்ணி தைரியம் வரும்? பரீட்சையும் இப்படிப் புளுகித்தானே பாஸ் பண்ணீங்க?"

அவள் கையிலிருந்த தட்டு மேஜையில் அறைந்து இறங்கியது. "உங்கண்ணனையே கேளு."

புளுகு என்று அவன் சொல்லவில்லை. எழுந்துபோய் அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய சீருடைச் சட்டையை உருவி, சுரண்டிய வடு இன்னும் ஆறாத அந்தக் கதவில் மாட்டினான். வெளுத்த துணியின் நடுவில் கறுத்துப் போன ஒரு சதுரம்.

"கத்தியால சுரண்டிப் பாத்தேன்" என்றான் தங்கையிடம். "வரல."