நான்கு சாண் வரைக்கும்

"நாலு சாண் வரைக்கும் ரெண்டு பேர் நெய்திருக்காங்க. அதுக்கப்புறம் ஒரே ஆள். இன்னொருத்தி எங்கடி போயிருப்பா, கேசா?"

என்னோடு ஒரே தறியில் நெய்த மரிட் இப்படிக் கேட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. சதுப்பு நிலத்தில் கிடைத்த ஆயிரத்து எழுநூறு வருடப் பழைய கம்பளிப் போர்வையின் படம் எங்கள் மேசைமேல் இருந்தது. அதே போல ஒன்று நாங்கள் நெய்ய வேண்டும். மேல்பாதியில் வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி; இருவரின் ஊடையும், அதாவது குறுக்கு நூலும், நடுவில் ஒன்றையொன்று கடந்து போகிறது. நான்கு சாணுக்குக் கீழே அந்தக் கடப்பு இல்லை. ஒரே ஊடைதான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போகிறது.

பள்ளியை விட்டு நின்றதிலிருந்து எனக்கு யாரிடமும் பேச்சு வருவதில்லை.

"கஞ்சி அடிப்பிடிச்சிருக்கும், ஓடியிருப்பா," என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

ஃப்ராவுக்கே என்ற எங்கள் பட்டறைத் தலைவி சிரிக்கவில்லை. "அதுல எப்படி இருக்கோ அப்படியே வேணும். நாலு சாண் முடிஞ்சதும் மரிட் தறியை விட்டு விலகிடணும். அவளுக்கும் ஹாம்பர்க் நாடக அரங்குல உடுப்பு தைக்கிற வேலை காத்துக்கிட்டிருக்கே."

அந்தக் குளிர்காலம் முழுக்க, கல் கட்டித் தொங்கும் பாவு நூல்களின் முன்னால் தோளுரச நின்றோம். என் ஊடையை அவள் விரல் வாங்கும். அவளுடையதை என் விரல். கம்பளி நூலின் ஆட்டுக் கொழுப்பு நாறும் கையோடேயே ரொட்டி தின்பாள். பேச்செல்லாம் அவளுடையது. போகாதே என்ற ஒரு சொல்லை மட்டும் நான் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்ல முடியாமல், மூன்றாவது சாணில் ஊடையை அழுத்தி அடிக்கத் தொடங்கினேன். எத்தனை இழை போட்டாலும் துணி நீண்டு நான்கு சாணை எட்டக் கூடாது.

"போர்வை நெய்யறியா, செருப்புத் தோல் பண்றியாடி?" என்றாள் மரிட்.

மேலிருந்து கீழாக வளரும் துணியில் என் பக்கம் மட்டும் மேலேறி நின்றது. மரிட் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தையும் அதே போல அழுத்தி அடித்தாள்.

மறுவாரம் பட்டறைத் தலைவி பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். "விரலகலத்துக்கு நாலு இழை அதிகம். அதுவும் ரெண்டு பக்கமும்! என்னடி கூத்து இது? பிரிங்க ரெண்டு பேரும்."

பிரித்து மறுபடி நெய்ய ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் மரிட் வாய் ஓயாமல் பேசினாள்.

பிறகு நான்காவது சாண் முடிந்தது. தன் கடைசி ஊடையின் நுனியை உள்ளே செருகிவிட்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். என் நூல் முதல்முறையாக அவள் கரைவரை போய்த் திரும்பியது. அவள் கையைத் துடைத்தாள், கோட்டை எடுத்தாள், வெளியே போனாள்.